போர்க்கால ஒற்றர் கதைக்குச் சேர்வராயன் மலையிலும் களம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரைப் பின்னணியாகக் கொண்டு, காதலும் உளவும் மேல்தட்டுக் குடும்பங்களின் சூழ்ச்சிகளும் பின்னிய நாவல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இவ்வகை நாவல்களுக்குத் தமிழ் வாசகர்களிடையே வரவேற்பு கூடிவருகிறது என்று கட்டுரையாளர் சொல்வது முற்றிலும் உண்மை. கிளை நூலகங்களில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் நானும் அதைக் கண்டிருக்கிறேன். லண்டன், பாரிஸ் நகரங்களில் நடக்கும் போர்க்காலக் கதைகளின் மொழிபெயர்ப்புகள் அலமாரிக்குத் திரும்பி வருவதற்குள் அடுத்தவர் பெயர் பதிவாகியிருக்கும். ஆனால், போர் நம் மண்ணில் நடக்கவில்லை என்பதால் தமிழில் இத்தகைய நாவல் வேர்பிடிக்க இடமில்லை என்று அக்கட்டுரை முடிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை நினைத்துப் பார்க்கும் எவரும் அதை ஏற்க மாட்டார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும் அதற்கு மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அந்த வாரத்தில் சென்னை நகரம் வெறிச்சோடியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நூல் கிடைக்காமல் தறிகள் ஓய்ந்தன. மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்களுக்குத் தபால் அடியோடு அற்றுப்போய், போர் முடியும்வரை அந்த மனிதர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாமல் பெண்கள் காத்திருந்தார்கள். தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் மூன்றரை ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்ணைவிடப் பெரிய போர்க்காலக் காதற்கதையை எந்த ஐரோப்பிய நாவல் தந்துவிட்டது? போர் என்றால் பீரங்கி முழங்கும் இடம் மட்டும்தான் என்று எண்ணுவதால் வரும் குறை இது.

மேல்தட்டு வாழ்வும் சூழ்ச்சியும் வேண்டுமென்றால் சேலத்தில் அவற்றுக்கும் பஞ்சமில்லை. இந்த மாவட்டத்தில் மிட்டாதார்கள் என்ற பெருநிலக்காரர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு தந்த ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கனவான்கள் இருந்தார்கள். சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாக்களும் அவர்கள் கூடிய மன்றங்களும் இருந்தன. போர் நிதி திரட்டுவதற்காக மாகாணமெங்கும் நடந்த விருந்துகளையும் கண்காட்சிகளையும் எண்ணிப் பாருங்கள். அந்த நிதிக்கு நன்றியாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் சில பிரிவுகள் சென்னை மாகாணத்தின் பெயரையே தாங்கிப் பறந்தன. மேடையில் கலெக்டரின் கையில் காசோலையைக் கொடுத்துவிட்டு இறங்கும் ஒரு ராவ் பகதூரின் மகன், அதே வாரத்தில் வெள்ளையனே வெளியேறு துண்டறிக்கையோடு பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் கூடத்தில் அன்றிரவு நடக்கும் பேச்சை எழுத ஒரு நல்ல நாவலாசிரியருக்கு எந்த வெளிநாட்டு மாளிகையும் தேவைப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலம் ஒதுக்குப்புறமான ஊராக அன்று இருக்கவில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதையொட்டி எழுந்த மின்நிலையமும் இந்த மாவட்டத்தில்தான் இருந்தன. எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய, கடும் வெப்பத்தைத் தாங்கும் செங்கல்லுக்கு மூலப்பொருளான மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல், ஊருக்கு வடக்கே இருக்கும் கரடுகளில் தோண்டப்பட்டது; மாக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே அதன் பெயர் நிலைத்திருக்கிறது. பீரங்கிக்கும் கப்பலுக்கும் எஃகு வேண்டும், எஃகுக்கு உலை வேண்டும், உலைக்கு இந்தக் கல் வேண்டும். எந்தத் திசைக்கு எத்தனை வேகன் போகிறது என்று எண்ணிக் குறிப்பெடுக்கும் ஒரு ரயில்வே எழுத்தரின் நோட்டுப்புத்தகம் ஒற்றர் கதைக்குப் போதுமான தொடக்கம் இல்லையா?

இதுவரை நான் சொன்னவை களத்தைப் பற்றியவை. களத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஐரோப்பியப் போர்க்கால நாவலில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி முதல் பக்கத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. நாஜிகள் கொடியவர்கள், அவர்களை எதிர்க்கும் ஒற்றன் நல்லவன், காதலிக்கும் இருவருக்கும் நடுவே இருப்பது ஆபத்து மட்டுமே. நம் நாட்டில் அப்படி இருக்கவில்லை. இதை விளக்க, உண்மையில் வாழ்ந்து மறைந்த இருவரைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒருவர் நூர் இனாயத் கான். 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். அவருடைய தந்தை வீணை வாசித்த சூஃபி ஞானி. குடும்பம் திப்பு சுல்தானின் வழியில் வந்தது. பாரிஸில் வளர்ந்து, புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதிக்கொண்டிருந்த இந்தப் பெண், பிரான்ஸ் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குத் தப்பி, பிரிட்டனின் ரகசியப் பணி அமைப்பில் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராகச் சேர்ந்தார். 1943 ஜூன் மாதம் 'மதலேன்' என்ற மறைபெயருடன் பிரான்ஸில் இறக்கப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் அங்கிருந்த ரகசியக் குழுவினர் ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். திரும்பி வந்துவிடுமாறு லண்டன் சொன்னபோதும் அவர் மறுத்து, வீடு மாறி வீடு மாறி, தந்திக் கருவி இருந்த கனத்த பெட்டியைச் சுமந்துகொண்டு செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். சங்கிலியில் பல மாதங்கள் கிடந்தபின், 1944 செப்டம்பர் 13 அன்று நாஜிகளின் டாக்கௌ வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. 1949இல் பிரிட்டன் அவருக்கு வீரத்துக்கான உயரிய ஜார்ஜ் கிராஸ் விருதை அளித்தது.

மற்றவர் வக்கம் அப்துல் காதர். 1917இல் திருவிதாங்கூரில் பிறந்தவர். வேலை தேடி மலாயாவுக்குப் போனவர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்திய விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, பினாங்கில் ஒற்றர் பயிற்சி பெற்றார். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அவரையும் தோழர்களையும் மலபார்க் கரையில் தானூர் அருகே இறக்கிவிட்டது. கரையேறியவுடனேயே பிடிபட்டார்கள். பகைநாட்டு ஒற்றர்களுக்கென்று இயற்றப்பட்ட அவசரச் சட்டத்தின்கீழ் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று, சென்னை மத்திய சிறையில் காதரும் அவருடைய தோழர்கள் சிலரும் தூக்கிலிடப்பட்டனர். தூக்குக்கு முன் தம் தந்தைக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கேரளத்தில் நினைவுகூரப்படுகிறது. அவருக்கு வயது 26. அந்தச் சிறை இருந்த இடத்தில் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடம் நிற்கிறது.

இருவருடைய மரணத்துக்கும் இடையே ஓராண்டும் மூன்று நாட்களும்தான். இருவரும் இந்திய வழியினர், இருவரும் எதிரியின் பகுதியில் ரகசியமாக இறக்கிவிடப்பட்டவர்கள், இருவரும் மறைபணி செய்யப் பழக்கப்பட்டவர்கள். ஒருவரை பிரிட்டனின் எதிரிகள் கொன்றார்கள், பிரிட்டன் விருது கொடுத்தது. மற்றவரை பிரிட்டனே கொன்றது. நூரோ, பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் பிரிவில் அதிகாரிப் பதவிக்கான நேர்காணலிலேயே, போர் முடிந்தபின் இந்திய விடுதலைக்காகத் தாம் நிற்கக்கூடும் என்று அதிகாரிகள் முகத்துக்கு நேரே சொன்னதாக அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவர்களா, ஒரே பக்கத்தில் நின்றவர்களா? நம் மொழியில் எழுதப்படும் போர்க்கால ஒற்றர் நாவல் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லண்டன் நாவலுக்கு இக்கேள்வி வராது. நமக்கு இதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

சேலத்து வாசகர்களுக்கு இதில் மேலும் ஒரு நெருக்கம் உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதிகளில், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாராமகாலும் சேலமும் ஒன்று, மலபார் இன்னொன்று. நூரின் முன்னோர் இழந்த நாட்டில்தான் நாம் வாழ்கிறோம். காதர் கரையேறியதும் அதே உடன்படிக்கையில் கைமாறிய கரையில்தான். தானூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில்பாதை சேலம் ஜங்ஷன் வழியாகச் செல்கிறது. நள்ளிரவில், சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்து நடைமேடையில் மெயில் வண்டி நிற்கிறது. போலீஸ் காவலுடன் ஒரு பெட்டியின் ஜன்னல்கள் மூடப்பட்டிருக்கின்றன. காப்பித் தோட்டத்து விருந்துக்கு வந்து திரும்பும் ஒரு சீமாட்டியும், மலாயாவிலிருந்து கணவன் செய்தி வருமா என்று எவரைக் கண்டாலும் விசாரிக்கும் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணும் அதே நடைமேடையில் நிற்கிறார்கள். கற்பனைதான். ஆனால் அந்தப் பாதை, அந்தக் காலம், அந்த மனிதர்கள் எதுவும் இரவல் இல்லை.

சேலத்தில் யார் எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பிளந்து கிடந்தது. இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, 1942இல் காங்கிரஸ் தலைமையோடு முரண்பட்டு விலகி, வெள்ளையனே வெளியேறு என்ற ஆகஸ்ட் போராட்டத்தில் சேராமல் நின்றார். அவரைத் தெய்வமாகக் கொண்டாடியவர்களும் அவரைத் துரோகி என்று தூற்றியவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய அதே போரில், மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில், ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943இல் அதன் மகளிர் பிரிவாகக் கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே மிகுதியாக இருந்தார்கள். அண்ணன் ஒரு சீருடையிலும் தங்கை மறு சீருடையிலும் பர்மாவில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடிய குடும்பங்களின் கதை இது. இங்கே காதலிக்கும் இருவருக்கு நடுவே வருவது வெறும் ஆபத்து அல்ல, நியாயம். ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுத்தால் அது துரோகமா கடமையா என்பதை வாசகர் கடைசிப் பக்கம்வரை முடிவு செய்ய முடியாது. காதல் நாவலுக்கு இதைவிட வலுவான முடிச்சு வேறு எங்கே கிடைக்கும்?

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருப்பது எல்லோரும் அறிந்தது. ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்திருந்தால்தான் அதை நம்ப வேண்டும் என்றும் வள்ளுவர் வகுத்திருக்கிறார். தலைவனும் தலைவியும் ஒருவரை ஒருவர் ஒற்றர் என்று அறியாத நிலையில் அதே தகவலை வெவ்வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்ற கதைமுடிச்சுக்கு நாம் கடல்கடந்து போக வேண்டியதில்லை.

இத்தகைய கதையைச் சேலமே ஒருமுறை சொல்லியும் இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடாதது எனக்கு வருத்தம் தருகிறது. ஏற்காடு சாலையில் இன்றும் நுழைவு வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1945இல் 'பர்மா ராணி' என்ற படத்தை வெளியிட்டது. ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படையினரையும் அங்குள்ள ரகசிய ஒற்றர்களையும் பற்றிய கதை அது. கே.எல்.வி.வசந்தா நாயகியாக நடித்தார். படத்தை இயக்கிய டி.ஆர்.சுந்தரமே ஜப்பானிய ராணுவ அதிகாரியாக வேடம் ஏற்றார். கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று 1943இல் அரசு வரம்பு கட்டி, போர் முயற்சிக்கு ஆதரவான படங்களையும் எடுக்குமாறு தயாரிப்பாளர்களை நெருக்கிய காலம் அது. ஆகவே அந்தப் படம் ஒரு பக்கத்தின் குரலை மட்டுமே பேசியது என்பதில் வியப்பில்லை. படத்தைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் பர்மாவில் அதே நேரத்தில் மறுபக்கம் நின்ற தமிழர்களின் கதை திரைக்கு வரவே முடியாமல் இருந்தது என்பதும் உண்மை. அந்தப் படப்பிடிப்புத் தளத்தையே களமாக வைத்து ஒரு நாவல் எழுதலாம். பர்மாக் காட்டைச் சேலத்தில் செட் போட்டு உருவாக்கிக்கொண்டிருக்கும் தச்சர்களில் ஒருவரின் தம்பி உண்மையான பர்மாக் காட்டில் நேதாஜியின் படையில் இருக்கிறான். ஜப்பானியச் சீருடை தைக்கும் தையற்காரருக்கு அது தெரியும். போர் ஆதரவுப் படம் ஒழுங்காக எடுக்கப்படுகிறதா என்று பார்க்க வரும் அதிகாரிக்கு அது தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை இப்படி ஒரு நாவலை இன்னும் எவரும் எழுதவில்லை. எழுதினால் முதல் பிரதியை வாங்கிப் படிப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.

எழுத விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, பெண் ஒற்றரைப் பற்றியது. ஆண்களை மயக்கி ரகசியம் பறிக்கும் அழகி என்ற பாத்திரத்தை நம் தொடர்கதைகளும் திரைப்படங்களும் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிவிட்டன. நூர் செய்த வேலை அதுவல்ல. செய்தியைச் சங்கேதமாக மாற்றி, குறித்த நேரத்தில், கை நடுங்காமல், புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்புவது அவர் வேலை; தேடும் வண்டிகள் அலைவரிசையை மோப்பம் பிடித்து வருவதற்குள் பெட்டியை மூடிக்கொண்டு வெளியேற வேண்டும். அந்த வேலைக்குப் போனவர்கள் ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது என்று கணக்கிட்டிருந்த காலத்தில் அவர் ஏறத்தாழ நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். ஒரு பெண்ணின் அறிவையும் உழைப்பையும் தனிமையையும் விட்டுவிட்டு அவளுடைய புடவையையும் புன்னகையையும் மட்டும் எழுதுவது, உயிரைக் கொடுத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, விவரங்களைப் பற்றியது. அண்மையில் ஏற்காட்டைக் களமாகக் கொண்ட ஒரு தொடர்கதையைப் படிக்க நேர்ந்தது. 1942 மே மாதத்தில் தொழிலாளர்கள் பழுத்த காப்பிப் பழங்களைக் கூடை கூடையாகப் பறிக்கிறார்கள். நாயகன் பெட்ரோல் காரில் இரவு பகலாக மலையேறி இறங்குகிறான். ரேடியோவைத் திருகியவுடன் நேதாஜியின் குரல் கணீரென்று ஒலிக்கிறது. மூன்றுமே அன்றைய நிலைக்குப் பொருந்தாதவை. சேர்வராயன் மலையில் கோடை மழை விழுந்ததும் மார்ச், ஏப்ரலில் காப்பி பூக்கும். அப்போது தோட்டம் முழுவதும் மல்லிகைக்கு நிகரான மணம் வீசும். பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கும் வேலை. மே மாதம் என்றால் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வெயிலுக்கு ஒதுங்கி வரும் துரைமார் குடும்பங்களும்தான் நினைவுக்கு வர வேண்டும். விருந்தும் சூழ்ச்சியும் நிறைந்த நாவலுக்கு அதுவே சரியான பருவமும்கூட.

பெட்ரோல் ரேஷன் ஆனபின் மோட்டார் வண்டிகளில் கரிவாயுக் கலன் பொருத்தப்பட்டது. கரி பஸ் என்று சொன்னால் பெரியவர்கள் இன்றும் தலையசைப்பார்கள். வண்டியின் பின்புறம் நின்ற உருளைக் கலனில் கிளீனர் அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, ஊதியின் கைப்பிடியை விடாமல் சுற்றுவார். வாயு பதத்துக்கு வந்து இன்ஜின் பிடிக்கும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டும். இழுவை போதாமல் ஏற்றத்தில் வண்டி திணறினால் இறங்கித் தள்ள வேண்டும். பின்தொடரும் போலீஸிடமிருந்து தப்பிக்க வேண்டிய ஓர் ஒற்றன் அந்தக் கைப்பிடி சுற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கால்மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். கார் துரத்தலைவிடப் பதற்றம் அதில் இருக்கும். அன்றைய வால்வு ரேடியோவோ சூடேறிப் பேசவே சற்று நேரம் எடுக்கும். வெளிநாட்டு அலைவரிசையில் பாதி இரைச்சலே கேட்கும். ரகசியத் தந்திக் கருவிக்கு நீண்ட வான்கம்பி வேண்டும். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குத் துணையாகவும் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் அந்தக் கம்பியைக் கொடியோடு கொடியாகக் கட்டிவைத்தால், கங்காணியின் கண்ணில் படுமா படாதா? இப்படிப்பட்ட விவரங்களை அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது. பாத்திரங்கள் எதை அஞ்சினார்கள் என்பதே இவற்றின் வழியாகத்தான் வாசகருக்குத் தெரியவருகிறது.

உண்மைகள் கிடைக்காமலும் இல்லை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் போர் ஆண்டுகளின் அரசாணைகளும் மாகாண அரசு பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை டெல்லிக்கு அனுப்பிய நிலவர அறிக்கைகளும் இருக்கின்றன. ஆனால் மக்களின் வீடுகளில் உள்ளவை எந்தக் காப்பகத்திலும் இல்லை. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இப்போது தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் தணிக்கைச் சீட்டு ஒட்டிய உறைகளும், ரேஷன் அட்டைகளும், ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர் கொண்டுவந்த ஒற்றைப் புகைப்படமும் இருக்கின்றன. வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போய்விடுபவை இவைதான். நூலகத்தில் இருந்த நாட்களில் இப்படி எடைக்கடையிலிருந்து மீட்கப்பட்ட கடிதக்கட்டு ஒன்றை ஒரு வாசகர் எனக்குக் காட்டினார். மலாயாவிலிருந்து 1941 நவம்பரில் ஒரு கணவர் எழுதிய கடைசிக் கடிதத்தில், தை மாதம் ஊருக்கு வருவதாகவும் பசுவை விற்றுவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. அதற்குப் பின் அந்தக் கடிதக்கட்டில் வேறு கடிதம் இல்லை. அந்த இரண்டு வரிகளில் இருந்து ஒரு நாவலையே எழுதலாம் என்று எனக்கு அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வாசகர்கள் தம் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் போர்க்கால நினைவுகளையும் காகிதங்களையும் பகிர்ந்துகொள்ள ஞாயிறு இணைப்பில் வாரம் அரைப் பக்கம் ஒதுக்கித் தாருங்கள். ராணுவத்தில் இருந்தவர், சிறையில் இருந்தவர், நேதாஜி படையில் இருந்தவர், தோட்டத்தில் கூலி வேலை செய்தவர், துரை வீட்டில் சமையல் செய்தவர் என்று எல்லாப் பக்கத்துக் குடும்பங்களையும் வேறுபாடின்றி அழையுங்கள். ஓராண்டு இப்படித் திரட்டியபின், அவற்றை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் தொடர்கதைக்கு ஒரு போட்டி அறிவியுங்கள். மூலக் காகிதங்களைத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டாம். தங்கள் நிருபர்கள் வீடுகளுக்கே சென்று படம் எடுத்துக்கொண்டு, காகிதங்களை அங்கேயே திருப்பித் தந்துவிடட்டும். எழுத்து மங்கியவற்றைப் பெரியவர்களைக் கொண்டு படித்துக் காட்டச் செய்து ஒலிப்பதிவும் செய்துகொள்ளட்டும். சேலம் நகருக்குள் இந்தப் பணிக்கு வீடு வீடாக வர நானும், என்னைப் போன்று ஓய்வுபெற்ற நூலகர்கள் சிலரும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.